திறக்கப்படாத பெட்டிகள்

2023ஆம் ஆண்டு றமழானின் முதற் பத்து முடிந்திருந்த நேரம். தராவீஹ் தொழுதுவிட்டு வந்து, வழமைபோல ஸகாத் கணக்குப் பார்க்க ஒரு கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்தேன். சம்பளக்கார ஆசிரியனின் ஸகாத் கணக்கு நீண்ட நேரம் எடுக்கிற கணக்கல்ல. வங்கியில் கிடப்பது, கைமாற்றாகக் கொடுத்தது, சீட்டில் போட்டது, அவ்வளவுதான். கூட்டிக்கொண்டிருந்தபோது மனைவி அலுமாரியின் மேற்பக்கத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டுக் கேட்டாள்.

"அந்தப் பெட்டியளுக்கும் ஸகாத் ஈக்கா?"

அலுமாரிக்கு மேலே, பழைய கட்டில் விரிப்பொன்றால் போர்த்தப்பட்டு, பதினொரு பெட்டிகள் ஐந்து வருடங்களாக இருந்தன. எல்லாமே லெகோ விளையாட்டுச் செட்டுகள். ஒன்றையாவது நாங்கள் திறந்ததில்லை. அவளுடைய கேள்விக்கு அன்று எனக்கு விடை தெரியவில்லை. விடை தேடிப் போனதில் நான் கேட்டிராத வேறு சில கேள்விகளும் வந்து சேர்ந்தன. அவற்றை என்னோடு மட்டும் வைத்துக்கொள்ள மனமில்லாமல்தான் இதை எழுதுகிறேன்.

பெட்டிகள் வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். என் மனைவியின் தம்பி டுபாயில் ஒரு களஞ்சியத்தில் வேலை செய்கிறார். 2018இன் தொடக்கத்தில் விடுமுறையில் வந்திருந்தபோது, தன்னோடு வேலை செய்யும் பிலிப்பைன்ஸ்காரர் ஒருவரிடம் கற்ற வியாபாரம் ஒன்றைப் பற்றிச் சொன்னார்.

"மச்சான், இது காணி மாதிரி. நீங்க ஒண்டும் செய்யத் தேவல்ல. தெறக்காம வெச்சிருந்தாப் போதும். கம்பனி ரிட்டயர் பண்ணினா வெல தானா ஏறும்."

ஆசிரியன் காதில் 'ரிட்டயர்' என்ற சொல் வேறு விதமாக விழும். நாங்கள் ஓய்வு பெற்றால் வருமானம் குறையும். விளையாட்டுச் சாமான் ஓய்வு பெற்றால் விலை கூடுமாம். சிரித்துக்கொண்டேதான் கேட்டேன். ஆனால் சீட்டுக் காசு ஒரு இலட்சத்து இருபதாயிரம் ரூபா கையில் இருந்தது. கொடுத்துவிட்டேன். நாலு செட் என் பங்கு, ஏழு செட் அவர் பங்கு. அவர் இருப்பது எட்டுப் பேர் படுக்கிற அறை; அங்கே பெட்டி வைக்க இடமில்லை. கார்கோவில் போட்டு எங்கள் வீட்டுக்கு அனுப்பினார். பெட்டியின் மூலை நசுங்கக்கூடாது, ஒட்டியிருக்கும் சீல் கிழியக்கூடாது, வெயில் படக்கூடாது என்பன நிபந்தனைகள். அவர் சொல்லாமலே விளங்கிய நிபந்தனை இன்னொன்றும் இருந்தது: பிள்ளையின் கை படக்கூடாது.

என் மகனுக்கு அப்போது ஏழு வயது. பெட்டியின் மேல் ஒரு ரயில் ஓடிக்கொண்டிருந்தது. இன்னொன்றில் ஒரு கோட்டை. "வாப்பா, இத எப்ப தெறக்கிற?" என்று கேட்டான். "பெறகு" என்றேன். ஒரு வருடம் வரை அடிக்கடி கேட்டான். பின்னர் கேட்கவில்லை. அவன் கேட்பதை நிறுத்தியதை நான் அப்போது கவனிக்கவில்லை.

இந்த வியாபாரத்தைப் பற்றி அறியாத வாசகர்களுக்குச் சில விபரங்கள். டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற ஊரில் ஓலெ கிர்க் கிறிஸ்ரியன்சன் என்ற தச்சர் 1932இல் மர விளையாட்டுப் பொருட்கள் செய்யத் தொடங்கினார். அதுதான் லெகோவின் ஆரம்பம். 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரண்டு டேனிஷ் சொற்களைச் சுருக்கி வைத்த பெயர் அது. ஒன்றோடொன்று பூட்டிக்கொள்ளும் இன்றைய கட்டைக்கான காப்புரிமை விண்ணப்பம் 1958 ஜனவரி 28இல் பதிவானது. அந்த வருடத்துக் கட்டை இன்று வாங்கும் கட்டையோடும் பொருந்தும். கம்பனி ஒவ்வொரு செட்டையும் ஓரிரு வருடங்கள், சிலவற்றை இன்னும் சற்றுக் கூடுதலாக, விற்றுவிட்டு உற்பத்தியை நிறுத்திவிடுகிறது. அதன் பிறகு அந்தச் செட் வேண்டுமென்றால், முன்னரே வாங்கித் திறக்காமல் வைத்திருப்பவரிடம்தான் போகவேண்டும். அவர் சொல்வதே விலை.

இதில் இலாபம் இல்லை என்று சொன்னால் நான் பொய்யனாவேன். மொஸ்கோவிலுள்ள உயர் பொருளியல் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர் இருவர், 1987 முதல் 2015 வரையான 2,300க்கும் மேற்பட்ட செட்டுகளின் விலைகளைப் பரிசீலித்து, அவை சராசரியாக ஆண்டுக்கு 11 சதவீதமாவது விலை ஏறியதாகக் கண்டிருக்கிறார்கள். தங்கத்தை விட இது மேல் என்று உலகப் பத்திரிகைகள் எழுதின. மச்சான் அந்தச் செய்தியைத்தான் எனக்கு அனுப்பியிருந்தார். ஆனால் அதே ஆய்வில், ஆண்டுக்கு 600 சதவீதம் ஏறிய செட்டும் உண்டு. பாதி விலையை இழந்த செட்டும் உண்டு. சராசரி என்பது 2,300 செட்டையும் வாங்கியவனுக்கு உரியது. நாங்கள் வாங்கியது பதினொன்று.

பாதி விலை எப்படிப் போகும் என்பதற்கு நம்மவர்களுக்கு விளங்கக்கூடிய ஓர் உதாரணம் இருக்கிறது. மும்தாஜ் மஹாலின் நினைவாக ஷாஜஹான் எழுப்பிய தாஜ் மஹாலையே லெகோ கம்பனி 2008இல் ஒரு செட்டாக வெளியிட்டது. 5,922 துண்டுகள், விலை 299 டொலர் 99 சதம். சில வருடங்களில் உற்பத்தி நின்றது. அதன் பின் திறக்காத பெட்டியின் விலை ஏறி ஏறி இரண்டாயிரம் டொலரையும் தாண்டிப் போனது. தாஜ் மஹால் பெட்டி வைத்திருப்பவன் தங்கம் வைத்திருப்பவன் என்று பேசிக்கொண்டார்கள். 2017 நவம்பரில் கம்பனி அதே தாஜ் மஹாலை மீண்டும் வெளியிட்டது. இம்முறை 5,923 துண்டுகள். விலை 369 டொலர் 99 சதம். இரண்டாயிரம் கொடுத்து வாங்கி மூவாயிரத்துக்குக் காத்திருந்தவர்களின் பெட்டி ஒரே அறிவித்தலோடு சரிந்தது. கம்பனி யாருக்கும் வாக்குறுதி கொடுத்திருக்கவில்லை. எனவே யாரையும் ஏமாற்றவும் இல்லை. இனி ஒருபோதும் செய்யமாட்டார்கள் என்பது வாங்கியவர்கள் தாங்களாகவே செய்துகொண்ட ஊகம். ஷாஜஹானின் தாஜ் மஹால் ஒன்றுதான். அச்சில் வார்த்த தாஜ் மஹாலை அச்சு உள்ளவன் எப்போதும் வார்க்கலாம்.

இதற்கு முன்னரும் இப்படி நடந்திருக்கிறது. அமெரிக்காவில் 1990களில் பீனி பேபீஸ் என்ற சிறு துணிப் பொம்மைகள் மீது ஒரு பித்துப் பிடித்திருந்தது. டை என்ற கம்பனி ஒவ்வொரு பொம்மையாக 'ஓய்வு' கொடுக்கும். உடனே அதன் விலை எகிறும். ஐந்தாறு டொலர் பொம்மையைப் பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு என்று சேமித்தவர்கள் இருந்தார்கள். 1999இல் லாஸ் வேகாஸ் நீதிமன்றம் ஒன்றில் விவாகரத்தான கணவனும் மனைவியும் தரையில் குந்தியிருந்து, நீதவான் பார்த்திருக்க, இந்தப் பொம்மைகளை ஒவ்வொன்றாகப் பங்கு பிரித்துக்கொண்ட புகைப்படம் உலகெங்கும் போனது. அதே ஆண்டின் முடிவோடு எல்லாப் பொம்மைகளுக்கும் ஓய்வு என்று கம்பனி அறிவித்தது. பிறகு மனதை மாற்றிக்கொண்டது. சில வருடங்களில் அந்தப் பொம்மைகளில் மிகப் பெரும்பாலானவை வாங்கிய விலைக்கும் போகவில்லை. காரணம் எளிமையானது. எல்லோரும் பத்திரப்படுத்தினார்கள். எல்லோரும் பத்திரப்படுத்திய பொருள் அரிதாகாது.

இவற்றோடு போலிகளும் உண்டு. அச்சொட்டாக அதே வடிவில் செட்டுகளைச் செய்து விற்ற லெப்பின் என்ற சீன நிறுவனத்தின் இடங்களை 2019 ஏப்ரலில் ஷங்ஹாய் பொலிசார் சோதனையிட்டுப் பிடித்த பொருட்களின் பெறுமதி ஏறத்தாழ 20 கோடி யுவான். பழைய செட் கிடைக்காமல் ஏங்கியவர்களில் பலர் இத்தகைய போலிகளை வாங்கித் திருப்திப்பட்டார்கள். அசலின் விலை உயர உயரப் போலிக்குச் சந்தை திறக்கும் என்பது நாணயக் காலத்திலிருந்து உள்ள விதி.

இவை உலகத்துக்கு. மலைநாட்டுக்கு என்று தனியாக ஓர் ஆபத்து இருக்கிறது. அதைப் பற்றி டுபாயிலிருந்து யோசித்தவருக்கும் தெரியவில்லை, இங்கேயே பிறந்து வளர்ந்த எனக்கும் தோன்றவில்லை. ஹற்றன் பக்கத்துத் தென்மேற்குப் பருவ மழையை அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. பக்கத்திலுள்ள வட்டவளையில் வருடத்துக்கு 5,000 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. ஜூன், ஜூலையில் உடுப்புக் காயாது, சுவரில் ஊறும், புத்தக அட்டையில் பூஞ்சணம் பூக்கும். பாலைவனத்து வெயிலில் பத்து வருடம் இருக்கக்கூடிய காட்போட் பெட்டியை நாங்கள் மூடுபனிக்குள் கொண்டுவந்து வைத்தோம்.

கணக்குக் கொப்பிக்குத் திரும்புகிறேன். அடுத்த நாள் லுஹருக்குப் பிறகு பள்ளிவாசல் மௌலவியிடம் விடயத்தைச் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: "வாங்கும்போது என்ன நிய்யத்?" விற்பதற்கு என்றேன். அப்படியானால் அது வியாபாரப் பொருள். ஒவ்வொரு வருடமும் அந்த நாளைய சந்தை விலைக்கு இரண்டரை சதவீதம் ஸகாத். கடந்த வருடங்களுக்கும் சேர்த்துக் கொடுக்கவேண்டும் என்றார். நிஸாபைப் பற்றிக் கேட்டேன். 595 கிராம் வெள்ளியின் பெறுமதியை வைத்துப் பார்த்தால் உங்கள் சேமிப்போடு சேர்ந்து நிஸாபைத் தாண்டிவிடும், ஏழைக்கு நன்மையான கணக்கு அதுதான் என்றார். பிறகு ஒன்றையும் சேர்த்துச் சொன்னார்: "வீட்டுப் பாவனைக்கு என்று நிய்யத்தை மாத்தினா, அண்டையிலிருந்து அது வியாபாரப் பொருள் இல்ல."

பொருள் ஒன்றுதான். இருக்கும் இடமும் அலுமாரிக்கு மேலேதான். உள்ளத்தில் இருக்கும் எண்ணம் மாறினால் அதன் பெயரும் கடமையும் மாறிவிடுகின்றன. பல தடவை கேட்ட சட்டம்தான். அன்றுதான் அது என் வீட்டு அலுமாரியைப் பற்றிய சட்டமாகவும் தெரிந்தது.

சந்தை விலை என்ன என்ற கேள்வி அடுத்ததாக வந்தது. 2018இன் தொடக்கத்தில் டொலர் ஏறத்தாழ 155 ரூபா. என் பங்கு 775 டொலர் அளவில் வரும். 2023 றமழானில் டொலர் 325 ரூபா அளவில் நின்றது. செட்டுகளின் டொலர் விலை ஒரு சதமும் ஏறவில்லை என்று வைத்துக்கொண்டாலும் அது இரண்டரை இலட்சம் ரூபா. 'இரட்டிப்பாகிவிட்டது' என்று ஒரு கணம் மனம் துள்ளியது. துள்ளிய மனதை நானே பிடித்து உட்கார வைத்தேன். 2022இல் ரூபா விழுந்த விழுக்காட்டில், அந்த ஆண்டு செப்டெம்பரில் பணவீக்கம் 70 சதவீதத்தைத் தொட்டது. என் பெட்டி பெருக்கவில்லை. என் கையிலிருந்த அளவுகோல் சுருங்கியது. தோட்டத்தில் கொழுந்து பறிக்கிற பெண்ணுக்கு 2021இல் நிர்ணயித்த ஆயிரம் ரூபா நாட்சம்பளம் 2023இலும் அதே ஆயிரம்தான். அவளுடைய ஆயிரம் பாதியானதற்கும் என் பெட்டி இரட்டிப்பானதற்கும் காரணம் ஒன்றேதான். இதை விளங்கிக்கொள்ளாமல் 'இலாபம்' என்று சந்தோசப்பட்டிருந்தால், நான் கணக்குப் படிப்பிக்கத் தகுதியற்றவனாகியிருப்பேன்.

இனி, ஒழுக்கம் பற்றிய கேள்வி. இது பதுக்கலா?

இஹ்திகார் எனும் பதுக்கலை மார்க்கம் கண்டிக்கிறது. பதுக்குபவன் பாவி என்ற கருத்தில் ஸஹீஹ் முஸ்லிமில் ஹதீஸ் உண்டு. ஆனால் எந்தப் பொருளைப் பதுக்குவது என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடு இருக்கிறது. நாம் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் அது உணவுப் பொருட்களைப் பற்றியது. தடுத்து வைப்பதால் மக்களுக்குத் தீங்கு வரும் எந்தப் பொருளும் அதில் அடங்கும் என்றார் ஹனஃபி மத்ஹபின் இமாம் அபூ யூசுஃப். 2022இல் எரிவாயுச் சிலிண்டருக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற எவரும் அபூ யூசுஃபின் கருத்தை உடனே விளங்கிக்கொள்வர். ஆனால் லெகோ செட் இல்லாமல் யாரும் பட்டினி கிடப்பதில்லை. எனவே இது பதுக்கல் அல்ல. மௌலவியும் அப்படித்தான் சொன்னார். ஹலாலான வியாபாரம், ஸகாத்தைக் கொடுங்கள், முடிந்தது.

எனக்கு முடியவில்லை. சட்டம் விட்டுவிட்ட இடத்தில் மனம் பிடித்துக்கொண்டு நின்றது. ஏன் என்று யோசித்தேன்.

ஒரு பழைய விளையாட்டுச் சாமானின் விலை எங்கிருந்து வருகிறது? நாற்பது, ஐம்பது வருடத்துக்கு முந்திய பொம்மையொன்று இன்று பெரும் விலைக்குப் போகிறதென்றால், அது செய்யப்பட்ட காலத்தில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் அதே பொம்மையோடு விளையாடி, உடைத்து, மழையில் போட்டு, தொலைத்துவிட்டார்கள் என்பதுதான் காரணம். எஞ்சியது அரிது. அந்தப் பிள்ளைகள் வளர்ந்து, தங்கள் சிறு பராயத்தை நினைத்து, அதில் ஒன்றாவது கிடைக்காதா என்று தேடுகிறார்கள். ஆகவே விலை இரண்டு ஊற்றுக்களிலிருந்து வருகிறது: ஒன்று மற்றவர்கள் உடைத்தது, மற்றது மற்றவர்கள் நேசித்தது. திறக்காத பெட்டியை வைத்திருப்பவன் இரண்டையும் செய்யவில்லை. ஆனால் இரண்டினதும் பலனை அவனே எடுக்கப் பார்க்கிறான்.

அவனுடைய பிரார்த்தனை எப்படியிருக்கும்? 'யா அல்லாஹ், மற்றவர்கள் எல்லோரும் தங்கள் பெட்டியைத் திறக்கவேண்டும். என் வீட்டில் மட்டும் திறக்கக்கூடாது. மற்றப் பிள்ளைகள் எல்லோரும் இதை நேசிக்கவேண்டும். என் பிள்ளை மட்டும் இதைத் தொடக்கூடாது.' எல்லோரும் அவனைப் போலவே நடந்தால் என்ன ஆகும் என்பதை பீனி பேபீஸ் காட்டிவிட்டது. நீ செய்வதை எல்லோரும் செய்தால் அது நிலைக்குமா என்று கேட்டுப் பார்க்கச் சொன்னார் ஜேர்மன் தத்துவஞானி இமானுவேல் கான்ற். தனக்கு விரும்புவதைத் தன் சகோதரனுக்கும் விரும்பாதவரை ஒருவரின் ஈமான் நிறைவடையாது என்ற கருத்துள்ள ஹதீஸை அவருக்குப் பல நூற்றாண்டுகள் முந்தியே நாம் கேட்டவர்கள். என் வியாபாரம், நான் செய்வதை என் சகோதரன் செய்யக்கூடாது என்று விரும்பினால் மட்டுமே பலிக்கிற வியாபாரம். சட்டம் என்னைப் பிடிக்காமல் விட்டும் மனம் பிடித்துக்கொண்டது இதனால்தான் என்று நினைக்கிறேன்.

ஒரு நியாயமான மறுப்பு உண்டு. அறுவடைக் காலத்தில் நெல்லை வாங்கி வைத்து, இல்லாத காலத்தில் விற்கும் வியாபாரியும் காத்திருந்துதானே இலாபம் எடுக்கிறான்? அது சேவைதானே? உண்மை. சிறு வயதில் இழந்த ரயிலை ஐம்பது வயதில் தேடுகிறவருக்கு, யாரோ ஒருவர் அதைப் பத்திரப்படுத்தி வைத்திருந்தது பெரும் உபகாரம். அந்தப் பொருளை விரும்பி, அதன் வரலாறு அறிந்து சேகரிப்பவர்களையும் நான் குறை சொல்லவில்லை. நெல் வியாபாரி நெல்லின் பயனை இன்னொரு காலத்துக்கு நகர்த்துகிறான். கடைசியில் அது ஒரு பானைக்குள் போகும். எங்கள் பெட்டியோ பெரும்பாலும் இன்னொரு அலுமாரியின் மேலேதான் போகும். வாங்குபவரும் திறக்கமாட்டார், அவருக்கும் மூலை நசுங்கக்கூடாது. தங்கக் காசும் வெள்ளிக் காசும் தமக்கென்று நிறமற்ற கண்ணாடி போன்றவை, அவற்றைப் பூட்டி வைப்பது நீதிபதியைச் சிறை வைப்பது போன்றது என்ற கருத்தை இமாம் கஸ்ஸாலி இஹ்யாவில் விளக்குகிறார். காசுக்கே அப்படியென்றால், விளையாடு என்று பெயர் வைத்த பொருளைக் காசாக்கிப் பூட்டி வைப்பதை என்னவென்பது?

அரிதாவதில் இன்னொரு வகையும் எங்கள் மலைநாட்டில் உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்னிந்தியாவிலிருந்து தோட்டங்களுக்குக் கொண்டுவரப்பட்ட தொழிலாளருக்கு இலக்கம் பொறித்த தகர வில்லையொன்று கொடுக்கப்பட்டது. கழுத்தில் கட்டிக்கொண்டு வந்தார்கள். வந்து சேர்ந்த பிறகு அதை எவரும் பொருட்டாக எடுக்கவில்லை, பத்திரப்படுத்தவும் இல்லை. இன்று ஒன்றைக் காண்பது அரிது. என் மாணவியொருத்தியின் லயத்து வீட்டில், அவளுடைய பாட்டியின் வெற்றிலைப் பெட்டிக்குள் ஒன்றைக் கண்டேன். இலக்கம் பாதி தேய்ந்திருந்தது. யார் கழுத்தில் கிடந்தது என்று பாட்டி சொன்னார். இதற்கு என்ன விலை வரும் என்று அவர் கேட்கவில்லை. ஒரு மனிதருடைய உடம்பில் கிடந்து தேய்ந்ததால் அரிதான பொருள் அது. என் வீட்டிலிருந்தவை எந்த உடம்பும் தொடாததால் அரிதாகப் போகிறவை. சந்தைக்கு இரண்டும் ஒன்றுதான். நமக்கு ஒன்றாக இருக்கக்கூடாது.

அந்த வாரமே பெட்டிகளை இறக்கினேன். விரிப்பை எடுத்ததும் மணமே சொல்லிவிட்டது. பதினொன்றில் ஆறு பெட்டிகளின் பின்புறத்தில், சுவரோடு ஒட்டியிருந்த பக்கத்தில், பூஞ்சணம் புள்ளி புள்ளியாகப் பிடித்திருந்தது. இரண்டில் அட்டை அலையலையாக வளைந்திருந்தது. உள்ளே இருக்கும் பிளாஸ்ரிக் துண்டுகளுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. ஆனால் இந்த வியாபாரத்தில் பெட்டிதான் பொருள். உள்ளே இருப்பது சாட்சி மட்டுமே.

மச்சானுக்குத் தொலைபேசியில் சொன்னேன். சற்று நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "முன்பக்கம் நல்லாத்தானே ஈக்கிது. முன்பக்கத்த மட்டும் போட்டோ எடுத்துப் போடுங்க மச்சான். ஆரும் கேட்டாச் சொல்லுவம்."

அவரைக் கெட்டவர் என்று எவரும் எண்ணிவிடவேண்டாம். நாற்பத்தைந்து பாகை வெயிலில் சாமான் ஏற்றி இறக்கிச் சேர்த்த காசு அது. அரைகுறையாக நிற்கும் வீட்டின் கூரைக்கு என்று அவர் நம்பியிருந்த காசு. நானும் இரண்டு நாள் யோசித்தேன் என்பதை ஒளிக்கமாட்டேன். கொழும்பில் இத்தகைய செட்டுகளை வாங்கும் ஒருவருக்கு அனுப்ப முன்பக்கப் படங்களை எடுத்தும் விட்டேன். ஆனால் சந்தையில் தானியக் குவியலுக்குள் நபியவர்கள் கையை விட்டபோது விரலில் ஈரம் பட்ட சம்பவத்தைப் பாலர் வகுப்பிலிருந்து கேட்டு வளர்ந்தவன் நான். மழையில் நனைந்துவிட்டது என்று வியாபாரி காரணம் சொன்னார். அப்படியானால் நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாமே என்பதுதான் கேள்வி. நனைத்தது மழைதான், வியாபாரி அல்ல. எங்கள் பெட்டியை நனைத்ததும் மலைநாட்டு மழைதான். மழையை யாரும் குற்றம் சொல்வதில்லை. ஈரத்தைப் பின்பக்கம் திருப்பி வைத்த கையைத்தான் கேட்கிறார்கள்.

பின்பக்கப் படங்களையும் எடுத்து அனுப்பினேன். அவர் வெகுவாக விலையைக் குறைத்தார். மச்சானின் ஏழு செட்டையும் என்னுடையதில் இரண்டையும் கொடுத்தேன். கார்கோச் செலவைக் கழித்துப் பார்த்தால், ரூபாக் கணக்கில் மச்சானுக்குச் சிறு இலாபம். டொலர்க் கணக்கில் நட்டம். அவர் என்னோடு மூன்று மாதம் சரியாகப் பேசவில்லை. பெருநாள் வாழ்த்தைக் கூட அக்காவுக்கு மட்டும் அனுப்பினார். இப்போது பேசுகிறார், பெட்டியைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. முன்பக்கப் படத்தை மட்டும் அனுப்பியிருந்தால் அவருடைய கூரைக்கு இன்னும் பத்துத் தகடு கிடைத்திருக்கும் என்ற எண்ணம் எனக்கு இப்போதும் வருவதுண்டு. செய்தது சரி என்பதில் ஐயமில்லை. ஆனால் சரியானதைச் செய்ததற்கான செலவில் பெரும்பகுதியை அவர் கொடுத்தார், நான் கொடுக்கவில்லை என்பதும் உண்மை. கடந்த வருடங்களின் ஸகாத்தை இருவர் பங்குக்கும் நானே கணக்கிட்டு, அவரிடம் சம்மதம் மட்டும் கேட்டு, என் கையிலிருந்து கொடுத்தேன்.

மிஞ்சிய இரண்டில் ஒன்று அந்த ரயில் செட். மகனைக் கூப்பிட்டு, "இந்தா, தெற" என்றேன். அவனுக்கு அப்போது பன்னிரண்டு வயது. பெட்டியைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "இப்ப வாணாம் வாப்பா. பட்மின்ரனுக்குப் போகணும்" என்றான். கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்கு வலித்தது. தாஜ் மஹாலைக் கூட ஒன்பது வருடத்துக்குப் பிறகு மீண்டும் வெளியிட முடிந்தது. ஏழு வயதை எந்தக் கம்பனியும் மீண்டும் வெளியிடுவதில்லை. ஓய்வு பெற்றது எது என்பதை நான் ஐந்து வருடம் பிழையாக விளங்கி வைத்திருந்திருக்கிறேன்.

ஆசிரியர் கலாசாலையில் எங்களுக்குப் புரோபலைப் படிப்பித்தார்கள். 1837இல் ஜேர்மனியில் சிறுவருக்கான ஒரு நிலையத்தைத் தொடங்கி, பின்னர் அதற்குக் 'குழந்தைகளின் தோட்டம்' என்று பெயர் வைத்தவர். பிள்ளைகளுக்கு அவர் அமைத்த விளையாட்டுப் பொருட்களைப் 'பரிசுகள்' என்றே அழைத்தார். அவற்றில் மூன்றாவது, எட்டுச் சிறு கனசதுரங்களாகப் பிரியும் ஒரு மரக் கனசதுரம். முழுமையைப் பிரித்து, மீண்டும் சேர்த்து, உலகத்தைப் பிள்ளை விளங்கிக்கொள்கிறது என்று பரீட்சையில் எழுதி நல்ல புள்ளி வாங்கியவன் நான். அந்த விடையை எழுதிய கைதான் பெட்டிகளை விரிப்பால் போர்த்தியது.

இரண்டு செட்டையும் பாடசாலைக்குக் கொண்டுபோனேன். மூன்றாம் வகுப்பில் பதினேழு பிள்ளைகள்; எல்லோரும் தோட்டத்து லயங்களிலிருந்து வருகிறவர்கள். சீலைக் கிழிக்கும்போது என் விரல் சற்றுத் தயங்கியது. வழிகாட்டிப் புத்தகம் ஈரத்தில் ஒட்டிப்போயிருந்தது. பக்கங்களைப் பிரிக்க முடியவில்லை. எனவே பெட்டியின் மேலுள்ள படத்தைப் பார்த்து ஒரு கிழமை எடுத்து ரயிலைச் சேர்த்தார்கள். படத்தில் உள்ளதைப் போல வரவில்லை. பெட்டிகள் ஒன்றுக்கொன்று உயரம் மாறின. புகைபோக்கி பின்னால் நின்றது. கொழும்புக்குப் போகிற உடரட்ட மெனிக்கே என்று அதற்குப் பெயர் வைத்தார்கள்.

அடுத்த கிழமை ஒரு சிறுமி மேசைக்கு வந்து நின்றாள்.

"சேர், இத ஒடச்சா ஏசுவீங்களா?"

"ஏன் ஒடைக்கப் போறீங்க?"

"எங்க லயத்தக் கட்டப் போறோம் சேர். கட்டை பத்தல."

உடைக்கச் சொன்னேன். வீட்டுக்கு வந்து கொப்பியை எடுத்து, அந்த வருட ஸகாத் கணக்கில் பெட்டிகள் என்று எழுதியிருந்த வரியின் மேல் ஒரு கோடு போட்டேன். மௌலவி சொன்னபடி, அதற்கு இனிக் கணக்கில்லை.